திருப்பித் தட்டினவள்

ஐயோ அக்கா, அப்பிடிப் பார்க்காதேங்கோ. உங்கட பீங்கான் ஊத்தை எண்டு நான் திருப்பிப் பார்க்கேல்ல. சத்தியமா இல்லை. கை தன்ர பாட்டில போட்டுது. வடையை இந்தக் கையில தூக்கி வச்சுக்கொண்டு மற்றக் கையால பீங்கானைக் கவிழ்த்தது எனக்கே பிறகுதான் தெரியும், உங்கட முகத்தைக் கண்ட பிறகு.

அந்த முகம் எனக்குத் தெரியும் அக்கா. போன வருசம் என்ர முகமும் அப்பிடித்தான் போனது. அதால வந்த வினைதான் எல்லாம்.

இருங்கோ, எழும்பாதேங்கோ. தேத்தண்ணி பிறகு குடிக்கலாம். ஆரபி! அதைத் தொடாத அம்மா. அன்ரியின்ர சாமான் அது. கம்பியை வை. வை எண்டெல்லே சொல்லுறன்.

நீங்கள் அந்தக் கம்பியை எறியேல்லையோ? வீட்டுக்காரன் விட்டுட்டுப் போனதோ? ஓம், குளிர் காயிற அடுப்பில கரி கிளறுற கம்பிதான். எங்கட வீட்டில அந்த அடுப்பைப் பலகை அடிச்சு மூடிப்போட்டினம். உங்கட பக்கம் மட்டும் அப்பிடியே கிடக்குது. இந்தச் சுவருக்கு அங்கால எங்கட முன் அறை, தெரியுமோ? ஒரு கல்லுத் தடிப்புத்தான் இடையில.

நான் கனக்கக் கதைக்கிற ஆள் இல்லை அக்கா. ஊரில கூட ஒரு வீட்டுக்குப் போனா அம்மாவின்ர சீலைத் தலைப்புக்குப் பின்னாலதான் நிற்பன். எட்டாம் வகுப்போட என்ர பள்ளிக்கூடம் நிண்டுட்டுது. நான் நிக்கேல்ல, பள்ளிக்கூடம்தான் நிண்டது. அந்த வருசம் சண்டைக்குப் பயந்து கிளிநொச்சியால எல்லாரும் வெளிக்கிட்டது உங்களுக்குத் தெரியும்தானே. அதால நாலு பேருக்கு முன்னால வாய் திறக்க எனக்கு வெக்கம். இங்கிலிஷ் விளங்கும், வாய்க்குள்ள இருந்து வெளியில வராது. இண்டைக்கு என்னவோ கதை வருகுது. நிப்பாட்டினனெண்டா பிறகு சொல்லமாட்டன். புதன்கிழமைக்கு முதல் ஒராளுக்கெண்டாலும் சொல்லவேணும். ஏன் புதன்கிழமை எண்டு சொல்லுறன், பொறுங்கோ.

உங்களுக்கு முதல் இந்த வீட்டில இருந்தவ பெரில். எழுபத்தெட்டு வயசு. தனிய. முப்பத்தொரு வருசம் பீங்கான் கொம்பனியில கப்புகளுக்குத் தங்க விளிம்பு கீறினவ. இந்த ஸ்டோக் ஊர் முழுக்க ஒரு காலத்தில அந்த வேலைதானாம். பஸ்ஸில வரேக்க கண்டிருப்பியள், போத்தல் மாதிரி வயிறு வீங்கின செங்கல் கட்டடங்கள். அதெல்லாம் பீங்கான் சுட்ட சூளை. நான் வந்த புதுசில ஏதோ வேதக்காரற்ற கோயில் எண்டு நினைச்சுக் கும்பிட்டனான். சிரியாதேங்கோ.

நான் வந்து இறங்கின முதல் கிழமை வீடு சூடாக்கிற பொயிலர் வேலை செய்யேல்ல. ஆரபியை வயித்தில வச்சுக்கொண்டு நடுங்கிறன். பெரில்தான் ரப்பர் பையில சுடுதண்ணி நிறைச்சுக் கொண்டுவந்து மடியில வச்சவ, "இந்தா தாரா" எண்டு. இஞ்ச எல்லாரையும் அப்பிடித்தான், நீந்துற தாராவின்ர பேர் சொல்லித்தான் செல்லமாக் கூப்பிடுவினம், பஸ் ஓட்டுறவனையும். ஓட்ஸ் மாவில தோசை மாதிரி ஒண்டு விக்கினமெல்லே, சனிக்கிழமை விடிய அதை வாங்கேக்க எங்களுக்கும் நாலு வாங்குவா. நான் அதுக்கு ஒரு சம்பல் இடிச்சுக் குடுத்தன். கண்ணால தண்ணி ஓட ஓடச் சாப்பிட்டிட்டு இன்னும் இருக்கோ எண்டு கேட்டா. அப்பிடி இருந்தனாங்கள்.

பிறகு ஆரபியின்ர ரெண்டாவது பிறந்தநாள் வந்தது. லண்டனில இருந்து இவற்ற அக்கா பவளம் மச்சாள் குடும்பத்தோட வந்தா. லண்டன்காரர் வருகினமெண்டு புதுப் பீங்கான் வாங்கினனான், வெள்ளை, ஓரத்தில நீலப்பூ. பெரிலையும் கூப்பிட்டனான். நல்ல சட்டை போட்டு, உதட்டுக்குச் சிவப்புப் பூசிக்கொண்டு வந்தா. மேசையில இருத்திப் பீங்கானை வச்சிட்டு, சோற்றுச் சட்டியோட வாறன். வரேக்க பார்த்தா, மனுசி பீங்கானைக் கவிழ்த்துப் பிடிச்சுக்கொண்டு இருக்குது. கண்ணாடியை மூக்கில ஏத்தி, அடிப்பக்கத்தைப் பார்க்குது. பார்த்திட்டு உதட்டை ஒருக்கா இப்பிடிப் பிதுக்கிப்போட்டுத் திரும்ப நிமிர்த்தி வச்சுது.

எல்லாரும் கண்டிட்டினம். பவளம் மச்சாள்தான் தமிழில தொடங்கினா. "பார்த்தியே வதனி? கழுவினதோ எண்டு பாக்கிறாள். பிள்ளையின்ர பிறந்தநாளும் அதுவுமா வந்திருந்து பீங்கானைக் கவிழ்க்கிறாளே, மூதேவி."

"விடக்கா, வயசு போன மனுசி" எண்டார் இவர்.

"எனக்கும்தான்ரா வயசு போகுது. நான் ஆற்ற வீட்டில பீங்கான் கவிழ்த்தனான்?"

பெரில் எல்லாரையும் பார்த்துச் சிரிச்சுக்கொண்டே இருக்கிறா. கத்தரிக்காய்க் கறியை ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கினா. அந்தச் சிரிப்பைக் காணக் காண எனக்கு இஞ்ச, நெஞ்சுக்குள்ள, பத்திக்கொண்டு வந்தது.

நான் கோவக்காரி இல்லை அக்கா. ஒண்டையும் மனசில வச்சுக்கொள்ளாத ஆள். அஞ்சு மாசம் கதைக்கேல்ல, அவ்வளவுதான்.

வந்து கதவைத் தட்டுவா. நான் திரையை இழுத்துவிட்டு, ஆரபியின்ர வாயைப் பொத்திக்கொண்டு இருப்பன். கிறிஸ்மசுக்கு அப்பிளை மாவுக்குள்ள வச்சுச் சுட்ட பணியாரம் ஒண்டு பாத்திரத்தோட வாசல்ல வச்சிட்டுப் போனா. சாப்பிட்டனாங்கள், சாப்பாட்டோட என்ன கோவம். ஆனா பாத்திரத்தை வெறுமையாத் திருப்பிக் குடுத்தன். கழுவித் துடைச்சு, வெறுமையா. ஒரு கரண்டி சீனி, ஒரு வாழைப்பழம் கூட வைக்கேல்ல. எங்கட ஆக்களெண்டா அந்த இடத்திலயே விளங்கி, செத்த வீட்டுக்கும் வரமாட்டினம். பெரில் பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திட்டு, "என்ன மினுக்கு மினுக்கியிருக்கிறாய் தாரா, நன்றி" எண்டா. எனக்கு இன்னும் விசர் வந்தது. என்ன செய்தாலும் உறைக்குதில்லையே இந்த மனுசிக்கு!

மாசி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. மழை. நேரம் பத்தேகால். எப்பிடித் தெரியுமெண்டா, ஆரபியின்ர காட்டூன் அப்பதான் முடிஞ்சது. முடிஞ்ச உடன அறையைச் சுத்திச் சுத்தி ஓடத் தொடங்கினாள், ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான். நான் பவளம் மச்சாளோட ஃபோனில. அப்ப இந்தச் சுவரில டொக், டொக், டொக்.

"என்னடி சத்தம்?"

"பக்கத்து மனுசி மச்சாள். பிள்ளை ஓடுறது இடைஞ்சலாக்கும்."

"ஓகோ. சின்னப்பிள்ளை வீட்டுக்குள்ள ஓடாமல் ரோட்டிலயே ஓடுறது? நீயும் தட்டு. உனக்கும் கை இருக்குத்தானே."

அக்கா, சத்தம் கேட்டா மூச்சுக்காட்டாமல் குந்தியிருக்கப் பழகின ஆள் நான். பங்கருக்குள்ள வளர்ந்த பிள்ளையளுக்கு அதுதானே முதல் பாடம். அண்டைக்கு மட்டும் என்ன பிடிச்சதோ. மச்சாள்தான் சொன்னவ. மச்சாள் சொல்லாட்டி நான் தட்டியிருக்கமாட்டன். குசினிக்குள்ள போய் அகப்பையை எடுத்துக்கொண்டு வந்து, மூண்டு தரம் திருப்பித் தட்டினன்.

கொஞ்சம் பொறுத்து அங்காலயிருந்து மூண்டு. நானும் மூண்டு. திரும்ப மூண்டு. நானும் திரும்ப மூண்டு. ஆரபிக்கு அது விளையாட்டாப் போச்சு. கைகொட்டிச் சிரிக்கிறாள், "அம்மா இன்னும், இன்னும்" எண்டு. நாலாந்தரம் நான் தட்ட, அங்கால சத்தமில்லை.

நான் வெண்டுட்டன் எண்டு நினைச்சன் அக்கா.

மச்சாளும் "அப்பிடித்தான் இருக்கவேணும்" எண்டா. பிறகு பருப்பை அடுப்பில வச்சன். பிள்ளைக்குச் சோறு தீத்தினன். நித்திரையாக்கினன். ஒண்டரைக்கு யன்னல் திரையில நீல வெளிச்சம் ஓடுது. எட்டிப் பார்த்தா அம்புலன்ஸ். தபால்காரன் உங்கட வாசல்ல மழைக்குள்ள நிக்கிறான். பார்சல் ஒண்டு கடித ஓட்டைக்குள்ளால போகேல்லையாம், குனிஞ்சு பார்த்தவன் உள்ளுக்கு ஒரு காலைக் கண்டவனாம். பிறகு சந்திக் கடையில சொல்லிச்சினம். அவன்தான் ஃபோன் அடிச்சது. நான் திரைக்குப் பின்னால நிண்டன். பெரிலை வெள்ளைத் துணியால போர்த்து, வெளியில தூக்கிக்கொண்டு வந்தினம். முகம் துணியைவிட வெள்ளை.

இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. இந்த அடுப்படியிலதான் விழுந்து கிடந்தவவாம். இப்ப உங்கட செற்றிக் கதிரை போட்டிருக்கிற இடம். கையில அந்தக் கம்பியோட.

பத்தேகாலுக்கும் ஒண்டரைக்கும் இடையில எவ்வளவு நேரம் எண்டு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஒவ்வொரு நாளும் கண் முழிச்ச உடன தெரியும்.

இவருக்குச் சொல்லேல்ல. மச்சாளுக்குச் சொல்லேல்ல. எனக்குத் தெரியாதுதானே அக்கா? பிள்ளை ஓடினது உண்மை. சுவரில தட்டினா ஆரும் அப்பிடித்தானே நினைப்பினம்? நீங்களும் அப்பிடித்தான் நினைச்சிருப்பியள். ... சரி, சொல்லாதேங்கோ. இப்ப சொல்லவேண்டாம்.

அதுக்குப் பிறகு எனக்கு அந்த அறையில இருப்புக்கொள்ளேல்ல. இருந்தா எழும்பவேணும் போல, எழும்பினா வெளிய போகவேணும் போல. ஆரபியைத் தள்ளுவண்டியில இருத்தி, ஊர் முழுக்க நடந்தன். வாய்க்கால் கரையால, மூடின கொம்பனியளின்ர பின் மதிலால. மண்ணுக்குள்ள எல்லா இடமும் உடைஞ்ச பீங்கான் துண்டு மினுங்கும் இஞ்ச, கண்டிருக்கிறியளோ? தபால்காரனைக் கண்டா மற்றக் கரைக்கு மாறிடுவன். கால் நொந்தா எங்கையெண்டாலும் இருக்கவேணுமே. அதுக்குத்தான் லைப்ரரிக்குப் போகத் தொடங்கினது. புதன்கிழமையில சின்னப்பிள்ளையளுக்குக் கதை சொல்லுவினம். ஆரபி அங்க இருப்பாள். பக்கத்து மேசையில வயசு போனவை கூடுவினம், தங்கட ஊர்ப் பழசுகளைக் கதைக்க. ஒவ்வொருத்தரும் ஒரு படம் கொண்டுவருவினம். ஹன்னா எண்டு ஒரு லைப்ரரிப் பிள்ளை எல்லாத்தையும் எழுதும். என்னையும் இரு எண்டிச்சுது. நான் கதிரை நுனியில இருந்தன், வண்டிப் பிடியை விடாமல்.

என்ன கதையள் அக்கா. சூளையள் எரிஞ்ச காலத்தில ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நிக்கிற ஆளைத் தெரியாதாம் புகையில. வெள்ளை உடுப்புத் தோய்ச்சுப் போட்டா கறுப்பாத்தான் எடுப்பினமாம். சூளைக்குள்ள போறவை தலையில சும்மாடு மாதிரி ஒண்டு கட்டி, பீங்கான் அடுக்கின மண்பெட்டியைத் தலையில வச்சு ஏணியில ஏறுவினமாம். சும்மாடு! வெள்ளைக்காரர்! எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. ஒராள் கதைக்கேக்க மற்றாள் விடாது. லெஸ் எண்ட கிழவரோட ஒருத்தி மல்லுக்கு நிக்கிறா. "அது அந்தத் தெருவில்லை லெஸ்." "நான் அந்தத் தெருவில பிறந்தவன், எனக்குச் சொல்லுறியோ?" எங்கட ஆக்கள் மாதிரித்தான்.

அப்ப தேத்தண்ணி வந்தது. பதினொரு பேர் அக்கா, நான் எண்ணினனான். பதினொரு பேரும் கையில எடுத்த உடன கப்பை உயத்தி அடிப்பக்கம் பார்த்தினம். ஒருத்தி ஊத்தின தேத்தண்ணியோட தலைக்கு மேல பிடிச்சு அண்ணாந்து பார்க்கிறா. நான் என்ர கப்பைக் கீழ வச்சிட்டன். லெஸ் என்ர முகத்தைப் பார்த்திட்டார். "பயப்பிடாத தாரா, இந்த ஊர்ச் சனத்துக்கு இது ஒரு வியாதி" எண்டார். "ஆர் செய்தது, எந்தக் கொம்பனி எண்டு பார்க்காமல் ஒரு வாய் இறங்காது. அரண்மனையில விருந்து வச்சாலும் திருப்பித்தான் பார்ப்பம். என்ர மனுசி எங்கட கலியாணத்திலயே திருப்பினவள். சூப்போட!"

மேசை முழுக்கச் சிரிக்குது. நான் நீலப்பூப் பீங்கானை நினைக்கிறன். பிதுக்கின உதட்டை நினைக்கிறன். இவ்வளவுதானோ? இதுக்கோ அஞ்சு மாசம்?

அண்டைக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கவேணும். பெரில் அப்ப லோங்டன் பக்கம் முதியோர் இல்லத்தில. ஒரு பஸ்தான். ஏறினன், ரெண்டாவது தரிப்பில இறங்கிட்டன். என்னெண்டு சொல்லுறது? நீ அவமதிச்சாய் எண்டு நினைச்சு நான் உன்னை அவமதிச்சனான், உனக்கு அது தெரியாது, அதுக்கு மன்னிச்சுக்கொள் எண்டோ? பீங்கான் கதையைத் தொடங்கினா சுவர்க் கதைக்கும் போகவேணுமே.

நான் போகேல்ல. அவதான் வந்தா. வைகாசியில ஒரு புதன்கிழமை, தள்ளுநாற்காலியில, இல்லத்துப் பிள்ளை ஒண்டு தள்ளிக்கொண்டு. நல்லா மெலிஞ்சு போனா. என்னைக் கண்ட உடன கை காட்டினா. நான் வண்டிப் பிடியை இறுக்கிப் பிடிச்சன்.

அண்டைக்கு ஹன்னா கேட்டது, ஃபோன் இல்லாத காலத்தில அவசரமெண்டா என்ன செய்தனீங்கள் எண்டு. லெஸ் வாய் திறக்க முதல் பெரில் சொன்னா. "அடுப்புக்குப் பின் சுவரில கம்பியால மூண்டு தரம் தட்டுவம். அங்கால இருக்கிறவள் திருப்பித் தட்டினா, கேட்டுட்டுது, வாறன் எண்டு அர்த்தம். பிள்ளைப்பேறு, சாவு, எல்லாத்துக்கும் அதுதான். என்னைப் பெறேக்க என்ர அம்மாவும் தட்டினவ."

சொல்லிப்போட்டு என்னைக் காட்டினா.

"அந்தா, அந்தப் பிள்ளை. நான் விழுந்து கிடந்த நேரம் வேற வழியில்லாமல் தட்டினன். இந்தக் காலத்தில ஆருக்கு அது விளங்கப் போகுது எண்டு நினைச்சுத்தான் தட்டினன். அவள் திருப்பித் தட்டினாள்! எங்கையோ இருந்து வந்த பிள்ளை, ஆர் சொல்லிக்குடுத்ததோ. நான் தட்டத் தட்ட அவளும் தட்டினாள். அதோட என்ர பயம் போட்டுது. தனிய இல்லை எண்டு தெரிஞ்சிட்டுது. பிறகு ஒண்டும் நினைவில்லை, கண் முழிச்சா அம்புலன்ஸ்காரர் நிக்கினம்."

எல்லாரும் கைதட்டினம் அக்கா. லெஸ் எழும்பி நிண்டு தட்டினார். இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாப் போதும். இங்கிலிஷில அது எவ்வளவு சின்னச் சொல்லு, ஆரபிக்கே தெரியும். எனக்கு வாய்க்குள்ள இருந்து வரேல்ல.

பெரில் கையை நீட்டினா. நான் கிட்டப் போனன். என்ர கையைப் பிடிச்சு, மெல்லத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தா. கண்ணாடியை மூக்கில ஏத்திக்கொண்டு. கன நேரம். பிறகு விரலெல்லாத்தையும் மடிச்சு மூடி, என்னட்டையே திருப்பித் தந்தா. கண் தெரியிறது குறைவுதானே, சும்மா பார்த்திருப்பா.

ஹன்னா படம் எடுத்தது. இப்ப லைப்ரரிச் சுவரில இருக்குது, சூளைப் படங்களுக்குப் பக்கத்தில, பெரிசா. கீழ என்ர பேர். இந்த ஊர்ச் சரித்திரத்தில நான் அக்கா! எட்டாம் வகுப்பு வதனி! இவர் அதைப் படம் பிடிச்சு உலகமெல்லாம் அனுப்பிப்போட்டார். பவளம் மச்சாள் ஃபோன் எடுத்துச் சொல்லுறா, "நான்தானே உன்னைத் தட்டச் சொன்னனான்" எண்டு.

வாற புதன்கிழமை என்ர குரலையும் பதியப்போகினமாம். ஒரு சின்னப் பெட்டி. தமிழில சொன்னாலும் காரியமில்லை, மொழிபெயர்க்கலாம் எண்டு ஹன்னா சொல்லுது. நூறு வருசத்துக்குப் பிறகும் ஆரெண்டாலும் கேட்கலாமாம். பெரிலும் வருவா.

நான் ஏன் கண்ட கண்ட இடத்தில பீங்கானைத் திருப்புறனெண்டு இப்பவெண்டாலும் விளங்குதோ? தங்கம் கீறின பெட்டையள் ஒவ்வொருத்தியும் அடியில தன்ர அடையாளம் ஒண்டு வைப்பினமாம். பெரிலின்ரது ஒரு சின்னக் கோடு, பக்கத்தில ரெண்டு புள்ளி. அவவிட்ட அதில ஒண்டு கூட இல்லை. எல்லாம் கப்பலேறிப் போட்டுதாம். ஒண்டு கண்டுபிடிச்சா கையில கொண்டுபோகலாம். வெறுங்கையோட என்னெண்டு போறது? கோயில் மடத்தில திருப்பினன், ஆசுப்பத்திரியில திருப்பினன், பழஞ்சாமான் கடையில ஒரு அலுமாரி முழுக்கத் திருப்பினன். கிடைக்கேல்ல. உங்கடதிலயும் சீனா எண்டுதான் இருக்கு. வடை நல்லாயிருக்கு அக்கா, சத்தியமா.

நான் பெட்டிக்குச் சொல்லுறது பிறகு. முதல் பெரிலுக்குச் சொல்லவேணும். அண்டைக்கு விடிய, பஸ்ஸில ஏறி, இறங்காமல் போய். அது தெரியும் எனக்கு. அதைச் சொன்னா அவவுக்கு அந்த மூண்டேகால் மணித்தியாலமும் திரும்பத் தனிமையாப் போயிடுமோ எண்டதுதான் பயம். நான் தட்டினதுதானே அவவுக்குத் துணை. அதையும் பறிக்கிறதோ? சொல்லாமல் விட்டா நூறு வருசத்துக்கு நான் நல்லவள். எதைச் செய்ய அக்கா?

ஒரு உதவி செய்யுங்கோ. ஒண்டே ஒண்டு. எனக்கு ஒரு விசயம் தெரியவேணும். கோவத்தில தட்டுற சத்தமும் விழுந்து கிடந்து தட்டுற சத்தமும் அங்கால ஒரே மாதிரியோ கேட்கும்? ஒரே மாதிரியெண்டா, எனக்குத் தெரியாமல் போச்சுது எண்டு அவவின்ர முகத்தைப் பார்த்துச் சொல்லுவன். வேற மாதிரியெண்டா... அதையும் அவவின்ர முகத்தைப் பார்த்துத்தானே சொல்லவேணும்.

நான் இப்ப அங்கால போறன். நீங்கள் அந்தக் கம்பியை எடுத்து அடுப்புக்குப் பின் சுவரில தட்டுங்கோ. முதல் கோவத்தோட. பீங்கானைத் திருப்பினதுக்கு உங்களுக்குக் கொஞ்சமெண்டாலும் கோவம் இருக்கும்தானே, அது போதும். பிறகு நிலத்தில சரிஞ்சு கிடந்து ஒருக்கா. இடுப்பு அசையாத மாதிரி. கையை மட்டும் தூக்கி. மூண்டு மூண்டு தரம்.

வா ஆரபி. சப்பாத்தைப் போடு.

தட்டிப்போட்டு அங்கால சத்தம் வருகுதில்லையே எண்டு பார்த்துக்கொண்டு இருக்காதேங்கோ. நான் திருப்பித் தட்டமாட்டன் அக்கா. வருவன். கதவை மட்டும் பூட்டாதேங்கோ.